ஆறாவது மாடி அறை

போலந்து என்றொரு நாடு அன்று உலகப் படத்திலே இல்லை! ருஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டுக்கொண்டு விழுங்கிவிட்ட நாடு அது. ஜார் ஆட்சியின் கீழிருந்த வார்சா நகரில், 1867-ல், ஓர் ஆசிரியர் வீட்டிலே பிறந்தார் மேரி கியூரி அம்மையார்.

பள்ளியிலே ஆட்சிமொழி ருஷ்யன். தாய்மொழியிலே பாடம் நடத்துவது குற்றம்! ஆசிரியை மறைவாகத்தான் போலிஷ் மொழியில் வரலாறு சொல்லித்தருவார். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று மணி அடித்ததும் ஏடுகள் மறையும். எழுந்து நின்று, ஜார் மன்னர்களின் பெயர்களை ருஷ்ய மொழியில் ஒப்பிக்கும் வேலை சிறுமி மேரிக்கு! வகுப்பிலே கெட்டிக்காரியாக இருந்ததற்குக் கிடைத்த தண்டனை அது. நாட்டுப்பற்று மிகுந்த தந்தையையோ, மேலதிகாரிகள் பதவியிறக்கம் செய்தனர்.

வார்சா பல்கலைக் கழகம் பெண்களுக்குக் கதவடைத்தது. அக்காளும் தங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். தங்கை உழைத்துப் பணம் அனுப்புவது. அக்காள் பாரிசிலே மருத்துவம் படிப்பது. பிறகு அக்காள் தங்கைக்கு உதவுவது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார் மேரி. அந்த வீட்டு மகன் அவரை மணக்க விரும்பினான். சம்பளத்துக்கு வந்தவளா மருமகள் என்று சீறினர் பெற்றோர்! பணத்துக்கும் ஒரு சாதி உண்டல்லவா? அங்கே இருந்தபோதே, உழவர் வீட்டுக் குழந்தைகளுக்குத் தாய்மொழி எழுத்தைக் கற்பித்தார் மேரி. அகப்பட்டால் சைபீரியா!

1891-ல் பாரிஸ் பயணம். ஜெர்மனி வழியே நான்காம் வகுப்பு ரயில். ஆம் தோழர்களே, மூன்றாம் வகுப்புக்கும் கீழே ஒன்று இருந்தது! உட்கார நாற்காலியையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

சார்போன் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். முதலில் அக்காள் வீடு. பிறகு கல்லூரிக்கு அருகே, ஆறு மாடி ஏறி அடையவேண்டிய கூரையடி அறை. அடுப்புக் கரியைத் தாமே சுமந்து ஏறவேண்டும். கரி தீர்ந்த இரவிலே பாத்திரத்துத் தண்ணீர் உறைந்துபோகும். இருக்கிற துணிகளையெல்லாம் போர்வைமேல் குவித்துக்கொண்டு படுப்பார். ரொட்டியும் தேநீருமே பல நாள் உணவு. ஒருநாள் மயங்கியே விழுந்தார். பிரெஞ்சு மொழியும் முழுதாகக் கைவரவில்லை, பள்ளியில் படித்த கணக்கும் போதவில்லை. இருந்தும், 1893-ல் பௌதிகத் தேர்விலே முதலிடம்!

அடுத்த ஆண்டுக்குப் பணம்? 600 ரூபிள் உதவித்தொகை தாயகத்திலிருந்து வந்து காத்தது. 1894-ல் கணிதத்திலே இரண்டாமிடம் பெற்றார். தாயகம் திரும்பி வேலை செய்யத்தான் ஆசை. பெண் என்பதால் கிராக்கோ பல்கலைக் கழகம் இடம் தரவில்லை. பாரிசுக்கே திரும்பி, 1895-ல் விஞ்ஞானி பியர் கியூரியை மணந்தார்.

எஃகின் காந்தத் தன்மையை ஆராய்ந்ததற்குக் கிடைத்த முதல் ஊதியத்திலே, அந்த 600 ரூபிளைத் திருப்பி அனுப்பினார். கடனல்ல அது, கேட்பாருமில்லை! இன்னொரு ஏழை மாணவருக்கு அது பயன்படட்டும் என்பது அவர் எண்ணம்.

1898-ல் கணவரும் மனைவியும் புதிய தனிமம் ஒன்றைக் கண்டறிந்தனர். மேரி அதற்குச் சூட்டிய பெயர் பொலோனியம். உலகப் படத்திலே அவருடைய நாட்டின் பெயர் மீண்டும் ஏற, அதன்பிறகு இருபது ஆண்டுகள் ஆயின.