கணினியில் வகுப்பறை இருட்டாவது ஏன்? 1760-லேயே கணக்குப் போட்ட தையல்காரர் மகன் லாம்பர்ட்!

பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வரைபடம் தயார். வகுப்பறைக்கு எவ்வளவு பகல் வெளிச்சம் வரும் என்று மென்பொருளில் கணக்கிடுகிறார்கள். பெரிய ஜன்னல் இருந்தும் விடை 0. மென்பொருள் கெட்டுப்போச்சா? பெரும்பாலும் இல்லை. அந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவரான லாம்பர்ட்டின் கதையைத் தெரிந்துகொண்டால், தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது சுலபம்.

யார் இந்த லாம்பர்ட்?

ஜோஹான் ஹென்ரிச் லாம்பர்ட் 1728-ல் முல்ஹவுஸ் நகரில் பிறந்தார். இன்று அது பிரான்ஸில் இருக்கிறது. அப்பா தையல்காரர், வீட்டில் வறுமை. 12 வயதில் படிப்பு நின்றது. பகலில் அப்பாவுக்கு உதவி, மிச்ச நேரத்தில் சொந்தப் படிப்பு. பிறகு இரும்பு ஆலையில் கணக்கு எழுதினார். 17 வயதில் பாசெல் நகரில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு உதவியாளர் ஆனார்.

1748-ல் சுவிட்சர்லாந்தின் கூர் நகரில், பிரபு குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை கிடைத்தது. அந்த வீட்டு நூலகம்தான் அவருக்குப் பல்கலைக்கழகம்.

வெளிச்சத்தை அளந்தது எப்படி?

அன்று லக்ஸ் மீட்டர் கிடையாது. ஒரு வெளிச்சம் இன்னொன்றைவிட எத்தனை மடங்கு என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆனால், இரண்டும் சமமா இல்லையா என்று சொல்ல முடியும். இதைத்தான் லாம்பர்ட் பிடித்துக்கொண்டார். இரண்டு வெளிச்சங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விழவைத்து, சமமாகும்வரை தூரத்தையோ சாய்வையோ மாற்றிப் பார்த்தார். 1760-ல் ‘போட்டோமெட்ரியா’ என்ற லத்தீன் நூல் வெளியானது.

அதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, பரப்பு சாயச் சாய வெளிச்சம் குறையும். 60 டிகிரி சாய்ந்தால் பாதிதான். இன்னொன்று, பரப்பு தன்மீது விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்ற கணக்கு. அதற்கு அவர் வைத்த பெயர்தான் ‘ஆல்பெடோ’.

மென்பொருளில் எங்கே தப்பு வரும்?

*விடை 0 வந்தால்:* அளவுப் புள்ளிகள் மேலே பார்க்காமல் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கலாம். சாய்வு 90 டிகிரியைத் தாண்டினால் அந்த ஒளி கணக்கில் சேராது.

*ஜன்னல் ஓரம் மட்டும் வெளிச்சம், உள்ளே இருட்டு என்றால்:* ஒளி சுவரில் பட்டுத் திரும்பும் எண்ணிக்கை 0 என்று இருக்கிறதா பாருங்கள்.

*அறை அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருந்தால்:* வெள்ளைச் சுவருக்கு 100% பிரதிபலிப்பு கொடுத்திருப்பார்கள். நிஜத்தில் அப்படிச் சுவரே இல்லை. கூரைக்கு 70-80%, சுவருக்கு 50%, தரைக்கு 20% என்பது வழக்கமான கணக்கு. கூரையும் சுவரும் சேரும் மூலையில் இடைவெளி இருந்தாலும் ஒளி கசியும்.

*கண்ணாடி, பளபளப்பான கிரானைட்:* லாம்பர்ட் விதி மங்கலான பரப்புக்குத்தான் பொருந்தும். இவற்றுக்குத் தனிப் பொருள் வகை கொடுக்க வேண்டும்.

எதுவும் பிடிபடவில்லையா? ஒரே ஜன்னல் உள்ள வெறும் பெட்டி அறையை வரைந்து ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். லாம்பர்ட் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

கடைசி நாட்கள்

1764-ல் பெர்லின் போனார். அவருடைய உடையையும் நடத்தையையும் பார்த்து மன்னர் இரண்டாம் ஃபிரடெரிக் முதலில் முகம் சுளித்தார். ஆனாலும் 1765-ல் அறிவியல் அகாடமியில் இடம் கிடைத்தது. ‘பை’ ஒரு விகிதமுறா எண் என்று முதலில் நிரூபித்தவரும் இவரே. 1777-ல் காசநோயால் இறந்தபோது வயது 49.

திரையில் உள்ள தப்பைத் திருத்தச் சில நிமிடங்கள் போதும். சுவர் எழும்பிய பிறகு திருத்த முடியாது. அந்த இருட்டில் உட்கார்ந்து படிக்கப்போவது பிள்ளைகள்தான்.