ஆற்றுக்கு அடியில் பாதை போட்டவர்

பட்டணத்தில் நெரிசலான ஒரு தெரு. பஸ்களும் கார்களும் இடைவிடாமல் ஓடிக்கொண்டு இருக்கின்றன. தெருவின் இந்தக் கோடியில் ஒரு குழி. அந்தக் கோடியில் இன்னொரு குழி. நடுவில் உள்ள ரோடு அப்படியே இருக்கிறது. ஒரு கல் கூடப் பெயரவில்லை.

ஆனால், பூமிக்கு அடியில் ஓர் இயந்திரம் மண்ணைக் குடைந்துகொண்டே போகிறது. அதன் பின்னால் சாக்கடைக் குழாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளப்படுகின்றன. மேலே நடந்து போகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது!

ரோட்டை வெட்டாமல் குழாய் பதிக்கும் இந்த வேலைக்கு வழிகாட்டியவர் யார்?

அவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் மார்க் புருனெல். 200 ஆண்டுகளுக்கு முன்பு, லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில் அவர் ஒரு சுரங்கப் பாதை வெட்டினார். அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

விவசாயி மகன்

பிரான்சு நாட்டில் ஆக்வில் என்று ஒரு கிராமம். அங்கே வசதியான ஒரு விவசாயியின் மகனாக, 1769-ம் ஆண்டு புருனெல் பிறந்தார். அவரைப் பாதிரியார் ஆக்க வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை.

பையனுக்கோ வேதப் படிப்பில் மனம் செல்லவில்லை. தச்சு வேலையும், கணக்கும், படம் வரைவதும்தான் பிடித்தன. கடைசியில் தகப்பனார் விட்டுக்கொடுத்தார். புருனெல் கடற்படையில் சேர்ந்தார். ஆறு ஆண்டுகள் கப்பலில் வேலை செய்துவிட்டு 1792-ம் ஆண்டு ஊர் திரும்பினார்.

அப்போது பிரான்சில் புரட்சி நடந்துகொண்டு இருந்தது. புருனெல் மன்னர் கட்சி. மனதில் பட்டதை வெளியே சொல்லிவிடும் சுபாவம் வேறு! பாரிஸ் நகரில் ஒரு காப்பிக் கடையில் புரட்சித் தலைவரைக் குறை கூறிப் பேசிவிட்டார். பேசியவர் தலை தப்புவது கடினம். இரவோடு இரவாக ரூவென் நகருக்கு ஓடி, ஓர் உறவினர் வீட்டில் ஒளிந்துகொண்டார்.

காதலியைப் பிரிந்தார்

அந்த வீட்டில் ஓர் ஆங்கிலேயப் பெண் தங்கி இருந்தாள். பெயர் சோபியா கிங்டம். தாய் தந்தை இல்லாதவள். பிரெஞ்சு மொழி கற்பதற்காக வந்தவள். இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள்.

ஆனால், புருனெல் அங்கே நெடுநாள் இருக்க முடியவில்லை. 1793-ம் ஆண்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். நடுக்கடலில்தான் பாஸ்போர்ட்டை மறந்துவிட்டு வந்தது தெரிந்தது! நன்றாகப் படம் வரையும் கை அல்லவா? இன்னொருவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்படியே ஒன்றை எழுதிக்கொண்டார். சோதனை போட்டவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

சோபியா பிரான்சில் அகப்பட்டுக்கொண்டாள். ஆங்கிலேய ஒற்றர் என்று சந்தேகித்து அவளைச் சிறையில் போட்டார்கள். என்றைக்குத் தலை போகுமோ என்ற பயத்திலேயே நாட்கள் கழிந்தன. 1794-ம் ஆண்டு பயங்கர ஆட்சி ஒழிந்த பிறகுதான் அவள் விடுதலை ஆனாள். பிறகு லண்டன் போய்ச் சேர்ந்தாள்.

அமெரிக்காவில் புருனெல் நன்றாக முன்னேறினார். நியூயார்க் நகரத்தின் தலைமை என்ஜினீயர் ஆனார். ஆனாலும் சோபியாவை மறக்கவில்லை. 1799-ம் ஆண்டு இங்கிலாந்துக்கு வந்தார். ஆறு ஆண்டுப் பிரிவுக்குப் பிறகு இருவருக்கும் திருமணம் நடந்தது.

10 பேர் செய்த வேலை

புருனெல் வெறுங்கையோடு வரவில்லை. மூளையில் ஒரு திட்டம் கொண்டுவந்து இருந்தார்.

அந்தக் காலத்துக் கப்பல்களுக்குப் பாய்மரம்தான் உயிர். பாய்களை ஏற்றி இறக்கும் கயிறுகள் மரக் கப்பிகளில் ஓடும். ஒரு பெரிய போர்க்கப்பலுக்குச் சுமார் 1,000 கப்பிகள் வேண்டும். அத்தனையும் கையால் செய்யப்பட்டு வந்தன.

இவற்றை இயந்திரத்தால் செய்யலாம் என்றார் புருனெல். ஹென்றி மாட்ஸ்லே என்ற கைதேர்ந்த தொழில் நிபுணர் இயந்திரங்களைச் செய்து கொடுத்தார். போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் அவை ஓடத் தொடங்கின. 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்தார்கள்!

சிறைவாசம்

புருனெலுக்கு மூளை உண்டு. பணத்தைக் கட்டிக் காக்கும் சாமர்த்தியம்தான் இல்லை.

மரம் அறுக்கும் ஆலை வைத்தார். 1814-ம் ஆண்டு அது தீப்பற்றி எரிந்தது. சிப்பாய்களுக்குப் பூட்ஸ் செய்யும் தொழிற்சாலை வைத்தார். 1815-ம் ஆண்டு நெப்போலியன் தோற்றதும் சண்டை நின்றது. செய்து வைத்த பூட்ஸ்களை வாங்க ஆள் இல்லை.

கடன் கழுத்தை நெரித்தது. 1821-ம் ஆண்டு, கடனைக் கட்ட முடியாதவர்களை அடைக்கும் சிறைக்கு அவரை அனுப்பினார்கள். அவர் தனியாகப் போகவில்லை. பிரான்சில் சிறையைப் பார்த்த சோபியா, இங்கேயும் கணவரோடு கூடவே போய் இருந்தார்.

ரஷியச் சக்கரவர்த்திக்குப் புருனெலின் திறமை தெரியும். அவர் ரஷியாவுக்குப் போய்விடுவார் என்ற பேச்சு எழுந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் விழித்துக்கொண்டது. கடனை அடைக்க 5,000 பவுன் கொடுத்தது. 88 நாட்களுக்குப் பிறகு புருனெல் வெளியே வந்தார்.

புழு கற்றுக் கொடுத்த பாடம்

அவர் மனதில் அப்போதே இன்னொரு யோசனை இருந்தது.

கப்பல் கட்டைகளை அரிக்கும் ஒருவகைப் புழு உண்டு. அதன் தலையில் கெட்டியான ஓடு இருக்கும். அந்த ஓட்டினால் மரத்தைக் குடைந்துகொண்டே முன்னே போகும். குடைந்த துவாரத்தின் சுவரில், தன் உடம்பில் சுரக்கும் பொருளைப் பூசிக் கெட்டியாக்கிக்கொண்டே போகும். துவாரம் மூடிக்கொள்ளாது.

இதைக் கவனித்த புருனெல், மனிதனும் இப்படிப் பூமியைக் குடையலாமே என்று நினைத்தார். தலைக்கு ஓர் இரும்புக் கேடயம். பின்னால் செங்கல் சுவர். 1818-ம் ஆண்டு இதற்கு உரிமைப் பட்டயமும் வாங்கிவிட்டார்.

இதற்குத் தேவையும் இருந்தது. லண்டன் துறைமுகத்தில் கப்பல்கள் நெருக்கியடித்து நின்றன. அங்கே தேம்ஸ் நதிக்குக் குறுக்கே பாலம் போட முடியாது. போட்டால் உயர்ந்த பாய்மரக் கப்பல்கள் போக முடியாது. அடியில் பாதை வெட்ட முன்பே ஒரு முயற்சி நடந்தது. 1808-ம் ஆண்டு தண்ணீர் புகுந்து அது நின்றுவிட்டது. இளகிய மண்ணில், ஆற்றுக்கு அடியில் பாதை வெட்டவே முடியாது என்று பலரும் முடிவு கட்டினார்கள்.

புருனெல் முடியும் என்றார். 1824-ம் ஆண்டு ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது.

ஒரு பலகை... அடுத்த பலகை...

1825-ம் ஆண்டு, ரோதர்ஹித் கரையில் வேலை ஆரம்பம் ஆயிற்று. நம் ஊரில் கிணற்றுக்கு உறை இறக்குவது போன்ற வேலைதான். ஆனால், உறையின் குறுக்களவு 50 அடி! தரைக்கு மேல் செங்கலால் வட்டமாகக் கோபுரம் கட்டினார்கள். அடியில் மண்ணைத் தோண்டத் தோண்ட, கோபுரம் தன் பாரத்தாலேயே பூமிக்குள் இறங்கியது. ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது.

பிறகு கேடயத்தை உள்ளே இறக்கினார்கள். அதில் 12 இரும்புச் சட்டங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக மூன்று அறைகள். ஆக 36 அறைகள். அறைக்கு ஓர் ஆள்.

ஒவ்வோர் ஆளுக்கும் எதிரே மண் சுவர். அது சரியாதபடி பலகைகள் தாங்கி நின்றன. தொழிலாளி ஒரே ஒரு பலகையை மட்டும் எடுப்பார். அந்த இடத்தில் 4½ அங்குலம் தோண்டுவார். பலகையை முன்னால் தள்ளி வைத்து, திருகாணியை முடுக்குவார். அதன் பிறகுதான் அடுத்த பலகையைத் தொடுவார்.

எல்லாப் பலகைகளும் முடிந்ததும், இரும்புச் சட்டத்தை முன்னே நகர்த்துவார்கள். பின்னால் கொத்தனார்கள் உடனே செங்கல் கட்டுவார்கள்.

பெரிய பள்ளமாகத் திறந்தால் மண் சரியும். ஒரு பலகை அகலம் மட்டும் திறந்து, உடனே மூடினால் சரியாது. புருனெல் கண்டுபிடித்த ரகசியம் இதுதான்.

தண்ணீர் பாய்ந்தது!

நல்ல களிமண் இருக்கும் என்று நம்பி இறங்கினார்கள். பல இடங்களில் சரளையும் சேறுமே இருந்தன. நகரத்துச் சாக்கடை எல்லாம் அந்தக் காலத்தில் தேம்ஸ் நதியில்தான் விழுந்தது. அந்த நீர் மேலே இருந்து சொட்டியது. துர்நாற்றம் குடலைப் பிடுங்கியது. விஷவாயு தீப்பற்றியது. தொழிலாளர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். சிலருக்குக் கண் பார்வை மங்கியது.

வேலையை மேற்பார்த்த என்ஜினீயரும் நோயுற்று விலகினார். அந்த இடத்துக்குப் புருனெலின் மகன் இஸம்பார்ட் வந்தார். வயது 20.

1827-ம் ஆண்டு மே 18-ந் தேதி ஆற்று நீர் பாய்ந்து வந்தது. நல்ல வேளையாக உயிர்ச் சேதம் இல்லை. மணி போன்ற ஓர் இரும்புக் கூண்டில் இஸம்பார்ட் ஆற்றுக்குள் இறங்கி, துவாரத்தைப் பார்த்து வந்தார். களிமண் மூட்டைகளைப் போட்டு ஓட்டையை அடைத்தார்கள். மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமே! அந்த நவம்பரில், ராணுவ பாண்டு முழங்க, சுரங்கத்துக்குள்ளேயே பெரிய விருந்து வைத்தார்கள்.

விருந்து முடிந்து இரண்டு மாதம்தான் ஆயிற்று. 1828-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி மறுபடியும் வெள்ளம் புகுந்தது. இந்தத் தடவை ஆறு பேர் பலியானார்கள். இஸம்பார்ட் நீரில் அடித்துச் செல்லப்பட்டார். குற்றுயிராக அவரை வெளியே இழுத்துப் போட்டார்கள்.

சுமார் 600 அடிதான் வெட்டி இருந்தார்கள். கம்பெனியிடம் பணம் இல்லை. பாதையின் முனையைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

ஏழு ஆண்டுக் காத்திருப்பு

புருனெலுக்கு அப்போது வயது 59. அவர் சும்மா இருக்கவில்லை. பெரிய மனிதர்களைப் பார்த்தார். மனு மேல் மனு போட்டார். பத்திரிகைகளோ அவரது சுரங்கத்தைக் கேலி செய்தன.

ஏழு ஆண்டுகள் ஓடின. சர்க்கார் கடன் கொடுத்தது. 1835-ம் ஆண்டு வேலை மீண்டும் தொடங்கியது. பழைய கேடயம் 80 டன் எடை. புதிய கேடயம் 140 டன்.

மறுபடியும் வெள்ளம் வந்தது. ஒரு தடவை அல்ல, பல தடவை. ஒவ்வொரு தடவையும் துவாரத்தை அடைத்து, நீரை இறைத்து, விட்ட இடத்தில் தொடங்கினார்கள். புருனெல் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே குடி வந்துவிட்டார். தோண்டிய மண்ணை இரவிலும் தன்னிடம் கொண்டுவரச் செய்து, தொட்டுப் பார்த்து உத்தரவு போடுவார்.

1841-ம் ஆண்டு விக்டோரியா மகாராணி அவருக்குச் ‘சர்’ பட்டம் வழங்கினார். அந்த ஆண்டிலேயே பாதை வாப்பிங் கரையைத் தொட்டது. 1843-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி திறப்பு விழா நடந்தது. அதற்குள் பக்கவாதம் அவரைத் தாக்கி இருந்தது. ஆனாலும் விழாவுக்கு வந்தார்.

கட்டணம் ஒரு பென்னி. முதல் நாளில் மட்டும் 50,000 பேர் நடந்தார்கள். ஆற்றுக்கு அடியில் மனிதர் நடப்பதை உலகமே அதிசயமாகப் பேசியது.

நஷ்டமா?

கணக்குப் பார்த்தால் அது நஷ்டம்தான். பாதையின் நீளம் சுமார் 1,300 அடி. கட்டி முடிக்க 18 ஆண்டுகள் ஆயின. சரக்கு வண்டிகள் இறங்குவதற்குச் சரிவுப் பாதை அமைக்கக் கடைசி வரை பணம் கிடைக்கவில்லை. எதற்காகத் தொடங்கினார்களோ, அந்தக் காரியத்துக்கு அது பயன்படவே இல்லை.

1849-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி, 80-வது வயதில் புருனெல் காலமானார். சாவின் வாயிலில் இருந்து மீண்ட மகன் இஸம்பார்ட், ரெயில் பாதைகளும் பெரிய கப்பல்களும் கட்டித் தந்தையை மிஞ்சிய புகழ் அடைந்தார்.

புருனெலின் பாதையில் 1869-ம் ஆண்டு ரெயில் ஓடத் தொடங்கியது. இன்றைக்கும் ஓடிக்கொண்டு இருக்கிறது!

அதே 1869-ம் ஆண்டு, கிரேட்ஹெட் என்ற இளம் என்ஜினீயர், வட்டமான சிறிய இரும்புக் கேடயத்தைக் கொண்டு தேம்ஸ் நதிக்கு அடியில் இன்னொரு பாதை வெட்டினார். புருனெலுக்கு 18 ஆண்டுகள் ஆயின. இவருக்கு ஓர் ஆண்டு கூட ஆகவில்லை. ஒரு காலத்தில் ஜனங்கள் நடந்த அந்தப் பாதை, பிற்காலத்தில் தண்ணீர்க் குழாய்கள் போகும் வழி ஆயிற்று.

1970-க்குப் பிந்திய ஆண்டுகளில், ஆள் நுழைய முடியாத அளவுக்குச் சிறிய துளை போடும் இயந்திரங்களை ஜப்பானியர் செய்தார்கள். அவற்றின் முன்னால் ஆட்களும் இல்லை, பலகைகளும் இல்லை. சேற்று நீரின் அழுத்தமே மண் சுவரைத் தாங்குகிறது. மேலே உட்கார்ந்தபடியே இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். சென்னையில் கூவம் ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ரெயில் பாதை குடைந்த பெரிய இயந்திரங்களும் கேடய வம்சத்தைச் சேர்ந்தவைதான்.

இயந்திரம் மாறிவிட்டது. முறை மாறவில்லை. முன்னால் மண்ணைத் தாங்க வேண்டும். கொஞ்சம் குடைய வேண்டும். பின்னால் உடனே கெட்டிப்படுத்த வேண்டும். இதைக் கற்றுக் கொடுக்கப் புருனெலுக்கு 18 ஆண்டுகள் தேவைப்பட்டன. வெள்ளத்தில் மாண்டவர்களும், காய்ச்சலில் விழுந்தவர்களும், அந்த 36 அறைகளில் நின்று ஒவ்வொரு பலகையாக நகர்த்தியவர்களும் அவரோடு சேர்ந்து கற்றுக் கொடுத்தார்கள்.