பண்டிதை இரமாபாய்: மூலமொழியைத் தேடிச் சென்றவர்

விவிலியத்தை மொழிபெயர்த்தோர் வரிசையில் பெண்களின் பெயர்கள் அரிதாகவே காணப்படுகின்றன. எபிரேய, கிரேக்க மூலங்களைக் கற்று முழு விவிலியத்தையும் மராத்தியில் தந்த பண்டிதை இரமாபாய் அம்மையார் அவ்வரியவர்களுள் ஒருவர்.

அவர் 1858 இல் கர்நாடகத்தின் மலைக்காடொன்றில் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே, தம் மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்பித்த காரணத்தால் வைதிகர் முன் விளக்கமளிக்க நேர்ந்தவர். தந்தையார் முதுமையடைந்துவிட்டமையால் மகளுக்கு அம்மொழியைப் புகட்டியவர் தாயார் இலட்சுமிபாய். வீடிழந்த அக்குடும்பம் புராணம் ஓதித் தலந்தோறும் அலைந்தது. 1870களின் பஞ்சத்தில் பெற்றோரும் தமக்கையும் மாண்டனர். எஞ்சிய சகோதரருடன் கால்நடையாக இந்தியாவின் பெரும்பகுதியைக் கடந்து, 1878 இல் அவர் கல்கத்தாவை அடைந்தார்.

இருபது வயதுப் பெண்ணின் புலமையைக் கண்டு வியந்த அந்நகரத்து அறிஞர்கள் பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களை வழங்கினர். எனினும் அவர் அதுவரை வேதத்தைப் படித்திருக்கவில்லை. பெண்ணுக்கு அது விலக்கப்பட்டிருந்தது. வேத நூற்பிரதியொன்றை அவர் கையிற் கொடுத்துப் படிக்கச் சொன்னவர் கேசவ சந்திர சென். பின்னர் மணம் புரிந்து சில்சாரில் வாழ்ந்தபோது, வங்காளியில் அமைந்த லூக்கா நற்செய்தி அவர் கைக்கு எட்டியது. 1882 இல் கணவர் இறந்தார். மறு ஆண்டு, கைக்குழந்தையுடன் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குன்றியிருந்தமையால் அம்முயற்சி கைகூடவில்லை.

அங்கேயே 1883 இல் அவர் திருமுழுக்குப் பெற்றார். ஆயினும் திருச்சபை சொன்னதையெல்லாம் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. திரித்துவக் கோட்பாடு குறித்து ஓயாது வினவினார். ஆண்களுக்கு அவர் பாடம் சொல்வதை ஆயர்கள் எதிர்த்தனர். வேதத்தை மறைத்தவர்களிடமிருந்து விலகி வந்தவர், மற்றொரு வேதத்துக்கு மற்றவர் கூறும் பொருளை மட்டும் கேட்டு அடங்கியிருப்பார் என அவர்கள் எதிர்பார்த்ததுதான் வியப்பு.

தாயகம் திரும்பி 1889 இல் பம்பாயில் விதவையருக்காகச் சாரதா சதன் பள்ளியைத் தொடங்கியதும், மதமாற்றக் குற்றச்சாட்டால் ஆதரவாளர் பலர் விலகியதும் பலரும் அறிந்தவை. 1896 இன் பஞ்சத்திலிருந்து அவர் மீட்டுவந்த பெண்களால் பூனாவுக்கு அண்மையிலுள்ள கேட்கானில் முக்தி இல்லம் வளர்ந்தது.

மொழிபெயர்ப்புப் பணி அங்குதான் நடைபெற்றது. வழக்கிலிருந்த மராத்தி விவிலியத்தின் சமஸ்கிருதச் சொற்கள் இந்து தத்துவப் பொருளைச் சுமந்து வருவதாகவும், படிப்பறிவு குறைந்த பெண்களுக்கு அவை எட்டாதவை எனவும் அவர் கருதினார். மூலத்தைத் தாமே படித்து எளிய சொற்களில் எழுதத் துணிந்தார். மொழிபெயர்ப்பாளரின் ஒரு சொல்லால் அகதி விசாரணையின் போக்கே மாறக்கூடும் என்பதை அறிந்த எம் வாசகருக்கு, இது வெறும் நடைப் பிரச்சினை அன்று என்பது புரியும். சமஸ்கிருதத்தால் பட்டம் பெற்றவரே அதனைக் களைய முற்பட்டமையில் ஒருவகைக் கடுமையும் இருந்தது. மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியதால் நடை இறுகிய இடங்களும் உண்டு.

அச்செழுத்துக் கோத்தவர்களும் முக்தி இல்லப் பெண்களே. ஒருகாலத்தில் எழுத்தறியாதிருந்த விதவையர் எபிரேய, கிரேக்க எழுத்துகளையும் அடையாளங்கண்டு கோத்தனர். 1921 இல் மகள் மனோரமா இறந்தார். துயரின் நடுவிலும் பணியை விடாத அம்மையார் 1922 ஏப்ரல் 5 ஆம் நாள் காலமானார். முழு விவிலியம் 1924 இல் வெளிவந்தது.