சென்னையில் பிறந்த தீவுக் காவலர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

எத்தனை சிறப்புகள் பெற்றிருந்தாலும், செயல்திறம் உடையோர் இல்லையேல் அரணால் பயனில்லை என்று 'அரண்' அதிகாரத்தை முடிக்கிறார் வள்ளுவர். இரண்டாம் உலகப் போரில் இவ்வுண்மைக்குச் சான்றாக நின்றவை இரண்டு தீவுகள். ஒன்று சிங்கப்பூர், மற்றொன்று மால்டா. இவ்விரண்டிலும் பொறுப்பு வகித்த தளபதி வில்லியம் டாபி நம் சென்னையில் பிறந்தவர் என்பது வியப்பன்றோ!

1879 ஜூலை 12 அன்று பிறந்த டாபி, இங்கிலாந்தில் கல்வி பயின்று, 1899இல் இராணுவப் பொறியாளர் படையில் அதிகாரியானார். 1918 நவம்பர் 11 அன்று, முதல் உலகப் போரை நிறுத்துமாறு பிரிட்டிஷ் தலைமையகம் அனுப்பிய தந்தியில் கையெழுத்திட்டவர் அவரே.

1935 முதல் 1939 வரை மலேயாவில் படைத்தலைவராக இருந்தார். பகைவர் கடல் வழியேதான் சிங்கப்பூரைத் தாக்குவர் என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. பருவமழைக் காலத்திலும் வடக்கே கரையிறங்கிக் காடு கடந்து வர முடியும் என்று டாபி எச்சரித்தார். ஆயினும் வடக்கில் அரண் அமைக்கப் போதிய பணம் கிடைக்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் அவ்வழியே வந்தனர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது.

அவ்வீழ்ச்சி எங்கள் கொத்தமங்கலத்திலும் ஓர் ஓட்டு வீட்டின் அடுப்பை அணைத்தது. என் கொள்ளுத்தாத்தா சிங்கப்பூர்க் கிட்டங்கி ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். கடிதமும் பணமும் நின்றன. பள்ளிச் சிறுவனாக இருந்த என் தாத்தா சிலேட்டை வைத்துவிட்டு மாடு மேய்க்கப் போனார்.

ஓய்வு பெற்றிருந்த டாபி, 1940இல் மால்டாவின் ஆளுநராக அழைக்கப்பட்டார். இத்தாலியின் சிசிலிக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் இடையே, பகைவரின் கப்பல் வழியை மறிக்கும் சிறு தீவு அது. இத்தாலி போரில் இறங்கிய மறுநாளே, 1940 ஜூன் 11 அன்று, குண்டுகள் விழத் தொடங்கின. பின்னர் ஜெர்மானிய விமானங்களும் சேர்ந்தன. மக்கள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து அதனுள் வாழ்ந்தனர். அளந்து கொடுத்த ரொட்டியை உண்டனர். டாபி நாள்தோறும் இறைவனை வேண்டி, அவர்களுக்கு நம்பிக்கையூட்டினார். 1942 ஏப்ரல் 9 அன்று மோஸ்டா தேவாலயத்தின் கூரையைத் துளைத்து விழுந்த குண்டு வெடிக்கவில்லை. உள்ளே கூடியிருந்தோர் உயிர் தப்பினர். அதே நாளில்தான் நம் அண்டையிலுள்ள திருகோணமலையில் ஜப்பானியர் குண்டு வீசினர். அதே மாதம் 15ஆம் நாள், மால்டா மக்கள் அனைவருக்குமாக ஜார்ஜ் சிலுவை விருதை மன்னர் ஆறாம் ஜார்ஜ் வழங்கினார். அது இன்றும் அந்நாட்டுக் கொடியில் உள்ளது.

டாபியிடம் குறை இல்லாமல் இல்லை. 1942 மார்ச்சில் வந்த கப்பல்களின் சரக்கை விரைந்து இறக்கவில்லை என்ற பழி அவர்மேல் விழுந்தது. உடலும் உள்ளமும் தளர்ந்திருந்த அவர் மே 7 அன்று மாற்றப்பட்டார். ஆகஸ்டில் புறப்பட்ட 14 சரக்குக் கப்பல்களில் ஐந்தே கரை சேர்ந்தன. அவை தீவைக் காத்தன. ஆண்டிறுதியில் முற்றுகை தளர்ந்தது. அந்த நன்னாளைக் காண டாபி அங்கில்லை. 1964இல் அவர் மறைந்தார்.

ஒரு தீவில் அவர் சொல்லை உரியவர் ஏற்கவில்லை. மறு தீவில் மக்கள் அவரோடு நின்றனர். எச்சரிக்கையை உரிய காலத்தில் கேளாததன் விலையை, அம்முடிவை எடுத்தோர் மட்டுமா கொடுத்தனர்? என் தாத்தாவின் சிலேட்டும் கொடுத்தது. மூன்றாம் தலைமுறையில் அதை மீண்டும் கையிலெடுத்திருக்கும் நான், இதை மறவேன்.