ஐந்து நாள் துக்கம்

ஸ்தோயிக்கர் என்றதும் கண்ணீர் அறியாத கல்நெஞ்சரையே பலரும் எண்ணுகின்றனர். எனக்கோ மார்க்கஸ் ஒரேலியஸின் நினைவே எழும். கி. பி. 121இல் உரோமாபுரியிற் பிறந்த அவர், 138இல் அன்ரோனினஸ் பயஸின் சுவீகார புத்திரரானார். அரண்மனையில் தம் பழைய ஆசான் ஒருவர் இறந்தபோது அவர் அழுதார். பணியாளர் தடுத்தனர்; மனிதனாயிருக்க மகனுக்கு உரிமையுண்டெனக் கருதிய அன்ரோனினஸ் அவர்களை விலக்கினார் என்பர்.

161இல் அரியணை ஏறியபின் கொள்ளைநோயும் போரும் அவரைத் தொடர்ந்தன. பெற்ற பிள்ளைகளிற் பெரும்பாலோரை இளமையிலேயே பறிகொடுத்தார். 169இல் ஏழு வயது மகன், காதின் கீழ் எழுந்த கட்டியை அறுத்தபின் மாண்டான். ஐந்து நாள் மட்டுமே துக்கங் காத்தார் என்கின்றது பழைய சரிதமொன்று. கல்நெஞ்சுக்கு இதனையே சான்றாகக் காட்டுவோர் உளர். ஆனால், சத்திரசிகிச்சை செய்த வைத்தியரையும் அவர் தேற்றினார் என்று அதே சரிதம் கூறுவதை அவர்கள் ஏனோ மறந்துவிடுகின்றனர். துயரத்தை உணராதவர் பிறரைத் தேற்றுவது எங்ஙனம்?

தன்யூப் நதிப்புறத்துப் பாசறைகளில் இருந்த காலத்தே, கிரேக்கமொழியில் தமக்கென அவர் எழுதிய குறிப்புக்களிலே, சினங் குறித்து அடிக்கடி தம்மைத் தாமே எச்சரிக்கின்றார். சினமே எழாதவருக்கு அவ்வெச்சரிக்கை வேண்டுவதில்லை. முதலில் எழும் நெஞ்சத் துடிப்பை ஸ்தோயிக்கர் குற்றமெனக் கொண்டாரல்லர். அதற்கு அறிவு இசையலாமா என்றே ஆராய்ந்தனர். அந்த ஆராய்ச்சியை மார்க்கஸ் இறுதிவரை விட்டாரில்லை என்றே நான் கருதுகின்றேன். 180இல் போர்முனையிலேயே அவர் உயிர் நீத்தார். அவருக்குப் பின் ஆண்ட மகன் கொம்மோடஸின் கொடுமை தனிக் கதை.