விடுதலைக்கு முன்பே உரிமையைக் கேட்டவர்: இரட்டைமலை சீனிவாசன்

அந்நிய ஆட்சி அகன்றதாலேயே ஒரு நாட்டின் மக்கள் அனைவரும் விடுதலை பெற்றுவிடுவதில்லை. 1776இல் பிரிட்டனிடமிருந்து விடுதலையை அறிவித்த அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பின மக்களின் அடிமைத்தளை மேலும் 89 ஆண்டுகள் நீடித்தது. பிரேசில் 1822இல் தனிநாடானது. அங்கே அடிமைமுறை ஒழிய 1888 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடிமைகளே போராடி 1804இல் உருவாக்கிய ஹெய்ட்டி ஓர் அரிய விதிவிலக்கு. ஆட்சி யாரிடமிருந்து கைமாறுகிறது என்பதோடு, யாருடைய கைக்குப் போகிறது என்றும் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியைத் தமிழ் மண்ணில் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுப்பியவர் இரட்டைமலை சீனிவாசன்.

செங்கல்பட்டுப் பகுதியின் கோழியாளம் என்னும் சிற்றூரில், 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்தவர் அவர். கோயம்புத்தூரில் படித்தபோது உடன் பயின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பிராமணர். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் எவரோடும் நெருங்கிப் பழகாமல், வகுப்பு தொடங்கும் வரை வெளியிலேயே ஒதுங்கி நின்றதைத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவர் பதிவு செய்திருக்கிறார். பின்னர் நீலகிரியில் கணக்கர் பணி செய்து, 1890இல் சென்னைக்கு வந்தார்.

இகழ்ச்சிச் சொல்லாக வீசப்பட்ட பெயரையே தலைப்பாக்கி, 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமெனக் காங்கிரஸ் அப்போது கோரிவந்தது. கல்வி ஒரு சில சாதிகளிடம் மட்டுமே குவிந்திருக்கும் நாட்டில், அத்தேர்வு அச்சாதியினரின் ஆட்சிக்கே வழிவகுக்கும் என்று அவர் வாதிட்டார். 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி, 3412 பேர் கையொப்பமிட்ட மனுவைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அவரை அந்நியருக்குத் துணைபோனவர் என்று பழிப்போர் இன்றும் உண்டு. சேரிக்குள் ஆங்கிலேயர் வருமுன்பே இருந்த ஆதிக்கத்தைக் குறித்து அவர்கள் பேசுவதில்லை.

1900இல் இங்கிலாந்து செல்லப் புறப்பட்டவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. அங்கிருந்து தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார், காந்தியோடு பழகினார். தோலின் நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரித்த அந்நாட்டில் நீண்டகாலம் வாழ்ந்து, 1920களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பினார்.

1923இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். பொதுச் சாலைகள், தெருக்கள், கிணறுகள், குளங்கள், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்த எச்சாதியினருக்கும் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924 ஆகஸ்டில் அவர் நிறைவேறச் செய்தார். 1925இல் அது அரசிதழில் வெளியானது. தெருவில் நடப்பதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோரின் பேராளர்களாக அமர்ந்தவர்கள் அம்பேத்கரும் சீனிவாசனும். இருவரும் சேர்ந்து அளித்த அரசியல் பாதுகாப்புத் திட்டம் இன்று நம் மாணவர்கள் ஆழ்ந்து படிக்க வேண்டிய ஆவணம். சம உரிமையைக் கோரும் பிரிவுகளில், அமெரிக்க அரசமைப்பின் 14ஆம் திருத்தத்தையும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1866லும் 1875லும் அங்கே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டங்களையும் அவர்கள் முன்னுதாரணமாகக் காட்டினர். சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கவும் கோரினர். சாதியும் இனமும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டின் கொடுமைக்கும் ஒரே வகையான காப்பு தேவை என்று அவர்கள் கண்டனர்.

அதே அமெரிக்க வரலாறு மற்றொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1883இல் செல்லாதவை ஆக்கியது. பொது இடங்களில் சம உரிமையை மீண்டும் நாடு முழுமைக்குமான சட்டமாக்க 1964 வரை கறுப்பின மக்கள் போராட வேண்டியிருந்தது. எழுதப்பட்ட உரிமையும் பறிபோகும்.

1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தில் சீனிவாசனும் கையொப்பமிட்டார். தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டு, பொது வாக்காளரே தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி முறை வந்தது. சென்னை மாகாணத்துக்கு அதில் 30 இடங்கள். நம் மாவட்டத்தின் அரூர் தனித்தொகுதியும் அந்த முறையின் தொடர்ச்சியே. அங்கு வெல்பவர் எவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற வினா இன்னும் தீரவில்லை.

1945 செப்டம்பர் 18 அன்று சீனிவாசன் மறைந்தார். நாட்டின் விடுதலையை அவர் காணவில்லை. கடைகள், கிணறுகள், குளங்கள், சாலைகள் எவருக்கும் மறுக்கப்படலாகாது என்று இந்திய அரசமைப்பின் 15ஆம் பிரிவு கூறுகிறது. 1924ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் குரலை அதில் நாம் கேட்க முடியும். சமூகப் புறக்கணிப்பு வன்கொடுமைச் சட்டத்தில் தெளிவான குற்றமாக இடம்பெற, 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் வரை காத்திருந்தோம்.

கடத்தூரில் வாழும் நமக்கு இது பழங்கதையன்று. 2012 நவம்பர் 7 அன்று இதே தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டபோது, மேற்கண்ட சட்டங்களுள் பெரும்பாலானவை நடப்பில்தான் இருந்தன. ஆகவே சீனிவாசனின் பிறந்தநாளில் மாலையிடுவதோடு நம் கடமை முடிவதில்லை. ஒவ்வோர் ஊரிலும் பொதுக் கிணறும், கோயில் தெருவும், தேநீர்க் கடையும், சுடுகாட்டுப் பாதையும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றனவா என்று நேரில் சென்று காண்போம். மறுக்கப்படும் இடத்தில் சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுப்போம். 3412 கையொப்பங்களைத் திரட்டியவரின் வழி அதுவே.