அசோகச் சக்கரவர்த்தியும் புலால் குறைத்தலும்

பௌத்த தர்மத்தைத் தழுவிய நம்மவர் பலருடைய உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. கொல்லாமை பஞ்சசீலத்தின் முதற் சீலமாயிருக்க, தலைமுறை தலைமுறையாய்ப் புலாலுண்டு வந்த நாம் யாது செய்தல் வேண்டும்? மேலும், உண்ணும் உணவைக் காட்டியே நம் முன்னோரை இழித்துரைத்த நாட்டில், புலாலைக் குறைப்பது அவ்விழிவுரையை ஒப்புக்கொள்வது ஆகாதோ? இவ்விரு வினாக்களுக்கும் அசோகச் சக்கரவர்த்தியின் சரித்திரத்திலே விடை உண்டு.

சந்திரகுப்த மௌரியரின் பேரரும் பிந்துசாரரின் புதல்வருமாகிய அசோகர், ஏறக்குறைய கி.மு. 268-ஆம் ஆண்டில் முடிசூடி, பாடலிபுத்திரத்தைத் தலைநகராகக் கொண்டு அரசு புரிந்தார். முடிசூடி எட்டாண்டுகள் சென்றபின் கலிங்க நாட்டின்மீது படையெடுத்து வென்றார். அப்போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டனர். 1,50,000 பேர் சிறையாகக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களினும் பன்மடங்கினர் பின்னர் மாண்டனர். இத்தொகைகளை எழுதி வைத்தவர் பகைவரல்லர். அசோகரே தம் மனம் நொந்து கல்லில் பொறிக்கச் செய்தார். வென்றவன் தன் வெற்றிக்காக வருந்தியதை ஊரறியச் சொல்லிய சரித்திரம் உலகில் மிக அரிது.

அவ்வருத்தம் சொல்லோடு நின்றுவிடவில்லை. முன்னிருந்த அரசர்கள் வேட்டையாடி மகிழ்வதற்கென்றே பிரயாணம் செய்வது வழக்கம். அசோகர் அவ்வழக்கத்தை விடுத்து, முடிசூடிய பத்தாம் ஆண்டில் பகவான் ஞானமெய்திய போதி மரத்தைத் தரிசிக்கச் சென்றார். அதுமுதல் அவருடைய பிரயாணங்கள் பெரியோரைக் காண்பதற்கும், எளியோருக்குப் பொருள் வழங்குவதற்கும், மக்களோடு தர்மத்தைப் பேசுவதற்கும் உரியவையாயின.

அடுத்து அவர் தமது அடுக்களையை நோக்கினார். அரண்மனைச் சமையலுக்கென்று நாள்தோறும் நூறாயிரக் கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டு வந்தனவென்று அவருடைய முதற் பாறைச் சாசனம் கூறுகின்றது. அதனை அவர் மூன்று உயிர்களாகக் குறைத்தார்: இரண்டு மயில், ஒரு மான், அம்மானும் எந்நாளும் இல்லை. இம்மூன்றும் இனிமேல் கொல்லப்படமாட்டா என்றும் அச்சாசனத்திலேயே உறுதி கூறினார்.

அன்பர்களே! இதனை ஊன்றிக் கவனியுங்கள். சக்கரவர்த்தி ஏழையின் சட்டியைத் திறந்து பார்த்துக் குற்றஞ் சொல்லவில்லை. நாட்டிலே மிகப் பெரிய அடுக்களை எதுவோ அதிலே தொடங்கினார். ஒரே நாளில் முற்றும் துறந்துவிட்டதாகப் பெருமை பேசவும் இல்லை. எவ்வளவு குறைத்தார், இன்னும் எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்பதை ஒளியாமல் எழுதினார்.

மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்வித்தார். மூலிகைகளும் கிழங்குகளும் கனி மரங்களும் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுசென்று நடச் செய்தார். சோழ, பாண்டிய நாடுகளும் தாமிரபரணி எனப்பட்ட இலங்கையும் இவ்வறத்தில் சேர்த்துச் சொல்லப்பட்டுள்ளன. மேற்கே காந்தாரத்துக்கு அப்பால், இன்று ஆப்கானிஸ்தானத்திலுள்ள கந்தகாரில் 1958-ஆம் ஆண்டில் கிடைத்த கிரேக்க, அராமிய மொழிச் சாசனமோ, அரசர் உயிர்க்கொலையைக் குறைத்ததையும், அவருடைய வேடரும் மீன்பிடிப்போரும் தத்தம் தொழிலை விட்டதையும் தெரிவிக்கின்றது.

முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் ஆனபின், கொல்லத்தகாத உயிர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். கிளி, மைனா, வௌவால், ஆமை, அணில் முதலியவை அதில் உள்ளன. சினையாயுள்ள அல்லது பாலூட்டும் ஆடும் பன்றியும், ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளும் காக்கப்பட்டன. உபோசத நாட்களிலும் வேறு சில நாட்களிலும் மீன் பிடித்தலும் விற்றலும் விலக்கப்பட்டன. ஆயினும் எல்லா மக்களுக்கும் எந்நாளும் புலால் ஆகாதென்று அவர் கட்டளையிடவில்லை. மறு ஆண்டில் எழுதிய சாசனத்திலோ, கட்டளையால் விளைந்தது சிறிதே, மனம் இசையச் செய்தலால் விளைந்ததே பெரிது என்று தம் அனுபவத்தைக் கூறினார். ஏறக்குறைய கி.மு. 232-ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

பிற்காலத்தார் அவரை மறந்தனர். சாசனங்கள் பலவற்றில் பட்டப்பெயர் மட்டுமே இருந்தபடியால், அவை யாருடையவை என்பதில் ஐயம் நீடித்தது. 1915-ஆம் ஆண்டில், ராய்ச்சூர்ப் பகுதியிலுள்ள மஸ்கியில் பீடன் என்னும் தங்கச் சுரங்கப் பொறியாளர் கண்டெடுத்த பாறைச் சாசனத்தில் அசோகர் என்னும் இயற்பெயரே காணப்பட்டது. இன்றும் தங்கம் எடுக்கும் ஹட்டிச் சுரங்கம் அம்மாவட்டத்திலேதான் இருக்கின்றது. தென்னாட்டில் அவருடைய இளவரசர் இருந்து ஆண்ட நகரின் பெயரும் சுவர்ணகிரி, அதாவது பொன்மலை. தங்க வயலில் வாழும் நமக்கு அவர் அயலாரல்லர்.

ஆகவே, புலால் குறைத்தல் சாதி உயர்வு தேடும் வேஷமன்று. உயிரின் நோவை உணர்ந்தவன் செய்யும் இரக்கம். புலாலுண்பவனை இழிந்தவன் என்று சொல்லும் நாக்கு, மரக்கறியே உண்டாலும் சீலமுடையது ஆகாது. உபோசத நாட்களில் தொடங்குவோம். கேழ்வரகுக் களியும், கீரையும், அவரையும், கொள்ளும், நிலக்கடலையும் நம் வீட்டுக்குப் புதியன அல்ல; உழைக்கும் உடலுக்கு வலிமை தருவன. பிறகு வாரத்தில் இன்னும் ஒரு நாள், பின் மற்றொரு நாள் என்று அவரவர் மனமிசைந்தவாறு பெருக்குவோம். பிள்ளைகளை அதட்டாமல், பெற்றோர் தம் இலையிலே முதலில் குறைத்துக் காட்டட்டும். சக்கரவர்த்தி காட்டிய வழி அதுவே.

சர்வ ஜீவர்களும் சுகமுற்றிருக்க!